ஷாமு சாகவே இல்லை - கடல் பூங்காக்கள் திமிங்கலம் வளர்த்த கதை

1971 ஆகஸ்டில் அமெரிக்காவின் சான் டியேகோ நகரத்தில் ஷாமு என்ற திமிங்கலம் செத்துப்போனது. கடலில் பிடித்து வந்து முழுதாக ஆறு வருடம்கூட ஆகவில்லை. ஆனால் அடுத்த வருடம் அந்தப் பூங்காவுக்குப் போனவர்களும் ஷாமுவைப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு நாற்பது வருடம் கழித்துப் போனவர்களும் பார்த்தார்கள். சான் டியேகோவில் ஒரு ஷாமு ஆடிக்கொண்டிருந்த அதே நேரத்தில் ஃப்ளோரிடாவிலும் ஒரு ஷாமு ஆடியது. ஏனென்றால் முதல் திமிங்கலம் போன பிறகு ஷாமு என்பது ஒரு மேடைப் பெயர் ஆகிவிட்டது. கம்பெனி பதிவு செய்து வைத்திருந்த வணிகச் சின்னம். அன்றைக்கு எந்தத் திமிங்கலம் தொட்டிக்கு வருகிறதோ அதுதான் ஷாமு. தெருக்கூத்தில் ஆள் மாறினாலும் துரியோதனன் துரியோதனன்தானே, அந்த மாதிரி.

கடல் பூங்காக்கள் ஏன் திமிங்கலத்தை அடைத்து வைக்கின்றன என்று யாரைக் கேட்டாலும் "காசுக்குத்தான்" என்பார்கள். சரிதான், ஆனால் பாதி பதில். பல டன் எடையுள்ள, பெரியதாக இருந்தால் ஒரு நாளைக்கு 100 கிலோ அளவுக்கு மீன் தின்னும் ஒரு பிராணியைத் தொட்டியில் வைத்துத் தீனி போட்டு லாபம் பார்ப்பது லேசான காரியம் இல்லை. அந்த லாபம் எந்த வழியாக வந்தது என்பது காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. இப்போது சில பூங்காக்களில் லாபமும் இல்லை, விடவும் முடியவில்லை என்ற நிலைமை. எப்படி அங்கே வந்து சேர்ந்தார்கள் என்பதுதான் இந்தக் கதை.

முதலில் இதைச் செய்து பார்த்தவர் பி.டி.பார்னம். சர்க்கஸ் பார்னம், அவரேதான். 1861-இல் நியூயார்க்கில் இருந்த தன் மியூசியத்தின் அடித்தளத்தில் தொட்டி கட்டி, கனடாவின் செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் பிடித்த இரண்டு பெலூகா திமிங்கலங்களை (உடம்பு முழுக்க வெள்ளையாக இருக்குமே, அது) ரயிலில் கொண்டுவந்து விட்டார். கொஞ்ச நாளிலேயே இரண்டும் செத்தன. ஆள் அனுப்பி வேறு பிடித்துவரச் செய்தார். 1865-இல் மியூசியம் தீப்பற்றி எரிந்தபோது தொட்டியில் இருந்த பெலூகாக்கள் தொட்டிக்குள்ளேயே மாண்டன. திமிங்கலம் செத்தால் கூட்டம் குறையாது, இன்னொன்று வந்தால் போதும் என்பதைப் பார்னம் அப்போதே தெரிந்துகொண்டுவிட்டார்.

இனி ஓர்கா. கறுப்பும் வெள்ளையுமாக, முதுகில் உயரமான துடுப்போடு இருக்கும். ஆங்கிலத்தில் "கொலைகாரத் திமிங்கலம்" என்று பெயர் வைத்துவிட்டார்கள். உயிரியல்படி டால்பின் குடும்பத்தில் மிகப் பெரியது. தாய் வழிக் கூட்டமாக வாழும். அமெரிக்காவின் வடமேற்குக் கரையில் மீன் தின்று வாழும் கூட்டங்களில் பிள்ளைகள், ஆண் பிள்ளைகள் உட்பட, சாகும்வரை தாயை விட்டுப் பிரிவதில்லை. பாட்டியும் பேரனும் சேர்ந்து நீந்தும். ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனிப் பேச்சு மாதிரி ஒலிகள் உண்டு.

1960 வாக்கில் இதெல்லாம் யாருக்கும் தெரியாது. சால்மன் மீனைத் தின்று தீர்க்கும் பேய் என்றுதான் மீனவர்கள் நினைத்தார்கள், கண்ட இடத்தில் சுட்டார்கள். 1961-இல் கனடா அரசு வான்கூவர் தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே இருக்கும் ஒரு குறுகலான கடல்வழியில் ஓர்காக்களைச் சுடுவதற்கென்றே ஒரு இயந்திரத் துப்பாக்கியைக் கொண்டுபோய் நிறுத்தியது. நல்லவேளை, அது ஒருமுறைகூட சுடப்படவில்லை.

அதே 1961-இல் கலிபோர்னியாவின் நியூபோர்ட் துறைமுகத்துக்குள் வழிதவறி வந்த ஒரு ஓர்காவை "மரைன்லேண்ட் ஆஃப் தி பசிபிக்" என்ற பூங்காவின் ஆட்கள் பிடித்துத் தொட்டியில் விட்டார்கள். இரண்டு நாள் தாங்கவில்லை. 1964-இல் வான்கூவர் அக்வேரியம் ஒரு சிற்பியை அனுப்பியது. எதற்கு? ஒரு ஓர்காவைக் கொன்று, அதைப் பார்த்து அளவெடுத்து ஒரு சிலை செய்ய. ஈட்டி பாய்ந்தது, ஆனால் ஓர்கா சாகவில்லை. சரி என்று ஈட்டிக் கயிற்றோடேயே வான்கூவர் வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்தார்கள். "மோபி டால்" என்று பெயர் வைத்தார்கள். பெண் என்று நினைத்து வைத்த பெயர். செத்த பிறகு அறுத்துப் பார்த்தபோதுதான் ஆண் என்று தெரிந்தது. அது உயிரோடு இருந்த மூன்று மாதத்துக்குக் கொஞ்சம் குறைவான காலத்தில் உலகமெங்கும் செய்தியானது. பேய் என்று சொல்லப்பட்டது மனிதன் கையிலிருந்து மீன் வாங்கித் தின்றது. பார்த்தவர்களுக்கு நம்ப முடியவில்லை.

அடுத்த வருடம் கனடாவில் நாமு என்ற ஊருக்குப் பக்கத்தில் மீனவர்களின் வலைக்குள் ஒரு ஓர்கா சிக்கியது. சியாட்டிலில் அக்வேரியம் வைத்திருந்த டெட் கிரிஃபின் 8,000 டாலர் கொடுத்து வாங்கினார். மிதக்கும் கூண்டு செய்து கடல்வழியாகவே சியாட்டிலுக்கு இழுத்து வந்தார். நாமு என்று பெயர். கிரிஃபின் அதன் முதுகில் ஏறி நீந்தினார், அடுத்த வருடமே சினிமாவும் வந்தது. துணை வேண்டும் என்று இன்னொரு குட்டியைப் பிடித்தார்கள். பிடிக்கும்போது அதன் தாய் ஈட்டி பட்டு இறந்தது. அந்தக் குட்டிதான் ஷாமு. நாமுவோடு ஒத்துப்போகாததால் சான் டியேகோவில் புதிதாகத் திறந்திருந்த சீவேர்ல்ட் பூங்காவுக்குப் போனது. நாமு 1966 ஜூலையில் செத்தது, பிடிபட்டு ஒரு வருடம்தான்.

சீவேர்ல்டைத் தொடங்கியது கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் படித்த நான்கு நண்பர்கள். முதலில் அவர்கள் போட்ட திட்டம் கடலுக்கடியில் ஒரு ஓட்டல்! அது சரிவராது என்று பூங்காவாக மாற்றி, 15 லட்சம் டாலர் முதலில் 1964 மார்ச்சில் திறந்தார்கள். முதல் வருடமே நான்கு லட்சத்துக்கும் மேல் கூட்டம். ஷாமு வந்த பிறகு அந்தக் கூட்டத்துக்கு ஒரு முகம் கிடைத்தது. பொம்மை, தொப்பி, டிவி நிகழ்ச்சி எல்லாம் ஷாமு. 1968-இல் கம்பெனி பங்குச் சந்தைக்கே வந்துவிட்டது. 1970-இல் ஓஹையோவிலும் 1973-இல் ஃப்ளோரிடாவிலும் புதுப் பூங்காக்கள். ஒவ்வொரு கிளைக்கும் ஒரு ஷாமு வேண்டும்.

எங்கிருந்து வரும்? கடலில் இருந்துதான். 1970 ஆகஸ்ட் 8 அன்று சியாட்டிலுக்கு வடக்கே பென் கோவ் என்ற குடாவில் நடந்தது இந்தக் கதையிலேயே மோசமான நாள். வேகப் படகுகள், மேலே விமானம், தண்ணீருக்குள் வெடி. எண்பதுக்கும் மேற்பட்ட ஓர்காக்களை மந்தை ஓட்டுவது போலக் குடாவுக்குள் ஓட்டினார்கள். வலைக்குள் குட்டிகளை மட்டும் தனியாகப் பிரித்தார்கள், ஏனென்றால் லாரியில் ஏற்ற குட்டிதான் வசதி. வலைக்கு வெளியே இருந்த பெரியவை போகாமல் சத்தம் போட்டுக்கொண்டே சுற்றியதாக அங்கே இருந்தவர்கள் பிறகு சொன்னார்கள். ஏழு ஓர்காக்கள் விற்கப்பட்டன. ஐந்து வலையில் சிக்கி மூழ்கிச் செத்தன, அதில் நான்கு குட்டிகள். விஷயம் வெளியே தெரியக்கூடாது என்று செத்தவற்றின் வயிற்றைக் கிழித்துக் கல்லை நிரப்பி, நங்கூரம் கட்டிக் கடலுக்குள் தள்ளினார்கள். நவம்பரில் மூன்று உடல்கள் கரையொதுங்கின.

விற்ற ஏழில் ஒன்று மயாமி சீக்வேரியத்துக்குப் போனது. டோகிடே என்றும் லோலிடா என்றும் பெயர். 80 அடி நீளத் தொட்டி, ஆழமான இடத்தில் 20 அடி. லோலிடாவின் உடம்பே கிட்டத்தட்ட 20 அடி. கூட இருந்த ஹியூகோ என்ற ஆண் ஓர்கா சுவரில் தலையை மோதிக்கொள்ளும் பழக்கம் உடையது, 1980-இல் இறந்தது. அதற்குப் பிறகு தன் இனத்தில் இன்னொன்றைப் பார்க்காமலேயே லோலிடா நாற்பது வருடத்துக்கு மேல் அந்தத் தொட்டியில் இருந்தது.

பென் கோவ் செய்தி மக்களை உலுக்கியது. 1972-இல் அமெரிக்காவில் கடல்வாழ் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பிடிக்கக்கூடாது, துன்புறுத்தக்கூடாது. ஆனால் ஒரு சந்து விட்டிருந்தார்கள்: பொதுமக்களுக்குக் காட்டுவதற்கு என்றால் அனுமதி வாங்கிப் பிடிக்கலாம். கடல் பூங்கா பேச்சில் "கல்வி" என்ற வார்த்தைக்கு எடை கூடியது இதற்குப் பிறகுதான். 1994-இல் சட்டத்தைத் திருத்தியபோது, விலங்கைக் காட்டுகிறவர்கள் கல்வி அல்லது பாதுகாப்புத் திட்டம் ஒன்று நடத்த வேண்டும் என்றார்கள். எந்தத் தரத்தில்? அந்தத் தொழிலில் இருப்பவர்கள் ஏற்றுக்கொண்ட தரத்தில். பரீட்சை எழுதுகிறவனே கேள்வித்தாளும் தயாரிப்பது என்றால் யாருக்குத்தான் கசக்கும்.

1976 மார்ச்சில் வாஷிங்டன் மாநிலத் தலைநகரம் ஒலிம்பியாவுக்குப் பக்கத்திலேயே சீவேர்ல்டுக்காக ஓர்கா பிடித்தார்கள். விமானமும் வெடியும் பழையபடியே. அவர்களுடைய கெட்ட நேரம், ஆளுநரின் உதவியாளர் ரால்ஃப் மன்றோ அந்தப் பக்கம் படகில் போய்க்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கண்ணால் பார்த்துவிட்டார். மாநில அரசு வழக்குப் போட, சீவேர்ல்ட் இனி அந்த மாநிலக் கடலில் பிடிப்பதில்லை என்று ஒத்துக்கொண்டு வெளியேறியது. அதற்குள் அந்தக் கடற்பகுதியின் தெற்குக் கூட்டத்தில் ஏறத்தாழ ஐம்பது ஓர்காக்கள் பிடிபட்டோ செத்தோ போயிருந்தன. மிச்சம் எழுபது சொச்சம். போனவை பெரும்பாலும் குட்டிகள் என்பதால் ஒரு தலைமுறையே காணாமல் போனது. 2005-இல் அந்தக் கூட்டம் அழியும் நிலையில் உள்ளதாக அறிவிக்கப்பட்டது. சால்மன் குறைந்ததும் கடல் மாசும் அதற்குப் பெரிய காரணங்கள். ஆனாலும் ஐம்பது வருடமாகியும் எண்ணிக்கை அதே எழுபது சொச்சத்திலேயே நிற்கிறது.

பிடிக்கிறவர்கள் ஐஸ்லாந்துக்குப் போனார்கள். அதுவும் 1980களின் கடைசியில் நின்றது. இங்கேதான் கதை திரும்புகிறது, காமர்ஸ் மாணவர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டிய இடமும் இதுதான்.

1976-இல் சீவேர்ல்டை வாங்கியது யார் தெரியுமா? ஹார்கோர்ட் பிரேஸ் ஜோவனோவிச். பாடப்புத்தகம் போடும் கம்பெனி :-) கடலில் இருந்து சரக்கு வருவது கஷ்டமாகிவிட்ட நிலைமையில் இவர்களுக்கு ஒரு விஷயம் புரிந்தது. ஏற்கெனவே தொட்டியில் இருக்கும் ஓர்காவின் மதிப்பு ஏறிக்கொண்டே போகும், அதிலும் குட்டி போடக்கூடியது என்றால் கேட்கவே வேண்டாம். 1985 செப்டம்பரில் ஃப்ளோரிடா பூங்காவில் கலினா என்ற குட்டி பிறந்தது. அதுவரைக்கும் தொட்டியில் பிறந்த எந்த ஓர்காவும் பிழைத்ததில்லை. இது பிழைத்தது, விளம்பரத்தில் "பேபி ஷாமு" ஆனது.

அடுத்து 1986 டிசம்பர் கடைசியில் ஒரு வேலை செய்தார்கள். கலிபோர்னியாவில் தங்களுக்குப் போட்டியாக இருந்த மரைன்லேண்ட் பூங்காவை (1961-இல் துறைமுகத்தில் பிடித்தார்களே, அதே பூங்காதான்) இரண்டு கோடியே முப்பது லட்சம் டாலர் அளவுக்குக் கொடுத்து முழுசாக வாங்கினார்கள். மூடமாட்டோம் என்றார்கள். மூன்று வாரத்தில், இரவோடு இரவாக, அங்கே இருந்த ஓர்கி, கார்க்கி என்ற ஓர்கா ஜோடி சான் டியேகோவுக்கு ஏற்றப்பட்டது. பிப்ரவரியில் பூங்காவைப் பூட்டிவிட்டார்கள். கார்க்கி அதற்குள் பலமுறை குட்டி ஈன்றிருந்தது, எதுவும் சில வாரங்களுக்கு மேல் தங்கவில்லை. ஓர்கி 1988 செப்டம்பரில் செத்தது. ஆனால் சான் டியேகோவில் வேறொரு பெண் ஓர்காவோடு சேர்ந்திருந்ததால், செத்த அதே மாதத்தில் அதற்கு ஒரு மகள் பிறந்தது. அந்தக் குட்டியின் தாய் அடுத்த வருடம் கார்க்கியை முட்டப் போய், தாடை உடைந்து, ரத்தம் பீறிட்டு, பார்வையாளர்கள் இருக்கும்போதே இறந்தது. வெவ்வேறு கடலில் இருந்து வந்தவை, ஒன்றின் ஒலி மற்றொன்றுக்குப் புரியாதவை; அவற்றை ஒரே தொட்டியில் போட்டுக் குடும்பம் என்று சொன்னால் குடும்பம் ஆகிவிடுமா?

ஒரு சின்னக் கணக்கு விஷயம். சீவேர்ல்டின் ஆண்டறிக்கைகளில் இருக்கிறது. வேறு இடத்தில் இருந்து விலைக்கு வாங்கிய விலங்கை மூலதனச் சொத்தாகக் காட்டி, அதன் உத்தேச ஆயுளுக்குப் பிரித்துத் தேய்மானம் போல எழுதிக் கழிப்பார்கள். பூங்காவில் பிறக்கும் விலங்கை வளர்க்கிற செலவு அந்தந்த வருடச் செலவிலேயே போய்விடும். அதாவது பேலன்ஸ் ஷீட்டின்படி வாங்கிய ஓர்காவுக்கு ஒரு விலை உண்டு, தொட்டியில் பிறந்த ஓர்காவுக்கு மதிப்பே இல்லை. ஆனால் அந்த மதிப்பில்லாத குட்டிகள்தான் கம்பெனியின் எதிர்காலமே. 1989-இல், கடனில் மாட்டிக்கொண்ட பாடப்புத்தகக் கம்பெனி தன் பூங்காக்களை பீர் கம்பெனியான ஆன்ஹைசர்-புஷ்ஷுக்கு 110 கோடி டாலருக்கு விற்றது. 2009-இல் பிளாக்ஸ்டோன் என்ற முதலீட்டு நிறுவனம் 230 கோடிக்கு வாங்கியது. குட்டி பிறந்துகொண்டே இருக்கும் என்ற நம்பிக்கை இல்லாமல் அந்த விலைக்கு யார் கை வைப்பார்கள்?

அந்த நம்பிக்கையின் பெரும்பகுதி ஒரே ஒரு ஆண் ஓர்காவின் மேல் நின்றது. டிலிகம். 1983-இல் ஐஸ்லாந்து அருகே பிடிபட்டபோது அதற்கு வயது சுமார் இரண்டு. கனடாவில் விக்டோரியாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பூங்காவில் வளர்ந்தது. 1991-இல் அங்கே தவறி விழுந்த ஒரு இளம் பயிற்சியாளரை அதுவும் கூட இருந்த இரண்டு ஓர்காக்களும் மூழ்கடித்தன. அந்தப் பூங்கா மூடிவிட்டது. ஆளைக் கொன்ற மிருகத்தை யார் வாங்குவார்கள் என்று தோன்றும். சீவேர்ல்ட் வாங்கியது, 1992-இல். காரணம் எளிது, அது வயதுக்கு வந்துகொண்டிருந்த ஆண். டிலிகம் வழியாக 21 குட்டிகள் பிறந்தன. அதில் 2001-இல் சான் டியேகோவில் பிறந்த குட்டி, ஃப்ளோரிடாவில் இருந்த டிலிகமின் விந்தை எடுத்துக்கொண்டுபோய் செயற்கைக் கருவூட்டல் மூலம் பிறந்தது. நம் ஊர் கால்நடை ஆஸ்பத்திரியில் மாட்டுக்குச் செய்வதுதான்.

1999-இல் இரவில் பூங்காவுக்குள் ஒளிந்திருந்து தொட்டியில் இறங்கிய ஒருவர் காலையில் டிலிகமின் முதுகில் பிணமாகக் கிடந்தார். 2010 பிப்ரவரி 24 அன்று அனுபவம் மிக்க பயிற்சியாளர் டான் பிராஞ்சோவை டிலிகம் தண்ணீருக்குள் இழுத்துக் கொன்றது. தொழிலாளர் பாதுகாப்புத் துறை வழக்குப் போட்டது. தண்ணீருக்குள் இறங்கி ஓர்காவோடு வித்தை காட்டுவதற்குத் தடை வந்து, 2014-இல் மேல்முறையீட்டிலும் அது உறுதியானது. நடுவில் 2013 ஏப்ரலில் கம்பெனி 27 டாலருக்குப் பங்கு வெளியிட்டது. அதே வருடம் டிலிகமைப் பற்றிய "பிளாக்ஃபிஷ்" ஆவணப்படம் வந்து, அக்டோபரில் சி.என்.என் அதை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. படத்தால் பாதிப்பே இல்லை என்று கம்பெனி சொல்லிக்கொண்டிருந்தது. 2014 ஆகஸ்ட் 13 அன்று பாதிப்பு உண்டு என்று ஒத்துக்கொண்டது. அன்று ஒரே நாளில் பங்கு விலை மூன்றில் ஒரு பங்கு விழுந்தது.

இதைத் தொடர்ந்த இரண்டு வழக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். டிலிகம், கார்க்கி உள்ளிட்ட ஐந்து ஓர்காக்களின் பெயரில், அடிமை முறையை ஒழித்த 13-ஆவது சட்டத்திருத்தத்தின் கீழ் 2011-இல் பீட்டா அமைப்பு ஒரு வழக்குப் போட்டது. அந்தத் திருத்தம் மனிதர்களுக்கு மட்டும்தான் என்று 2012-இல் தள்ளுபடி. இன்னொன்று, பிளாக்ஃபிஷ் பாதிப்பை மறைத்து எங்களை ஏமாற்றிவிட்டார்கள் என்று பங்குதாரர்கள் போட்டது. 2020-இல் கம்பெனி 6.5 கோடி டாலர் கொடுத்து அதை முடித்துக்கொண்டது.

பூங்காக்களின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. 1961-இல் இயந்திரத் துப்பாக்கி வைத்த அதே மக்கள் பத்து வருடத்தில் ஓர்காவைக் காப்பாற்றச் சட்டம் கேட்டார்கள் என்றால், அதற்கு மோபி டாலும் நாமுவும் ஷாமுவும் பெரிய காரணம். கர்ப்ப காலம் ஏறத்தாழ பதினேழு மாதம் என்பது போன்ற தகவல்கள் தொட்டியில் இருந்துதான் உறுதியாயின. ஆனால் மிக முக்கியமான கண்டுபிடிப்பு வெளியே நடந்தது. எத்தனை ஓர்கா பிடித்தால் தாங்கும் என்று கணக்கெடுக்க 1970களில் கனடா அரசு மைக்கேல் பிக் என்ற விஞ்ஞானியை நியமித்தது. முதுகுத் துடுப்பையும் அதன் பின்னால் இருக்கும் வெள்ளைத் திட்டையும் படமெடுத்தே ஒவ்வொன்றையும் அடையாளம் காணலாம் என்று அவர் காட்டினார். ஆயிரக்கணக்கில் இருக்கும் என்று நினைத்த இடத்தில் சில நூறுதான் இருந்தன. தாய் வழிக் குடும்பம் என்பதெல்லாம் அந்தப் படங்களில் இருந்துதான் தெரிந்தது, தொட்டியில் இருந்து அல்ல.

2016 மார்ச்சில் சீவேர்ல்ட் ஓர்கா இனப்பெருக்கத்தை நிறுத்துவதாக அறிவித்தது. டிலிகம் 2017 ஜனவரியில் செத்தது. 2019-இல் கனடா திமிங்கலம், டால்பின் அடைப்பதைச் சட்டத்தால் தடுத்தது. (இந்தியா 2013-லேயே டால்பின் காட்சிக்கூடங்களுக்கு அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டது. சென்னைக்குப் பக்கத்தில் 1990களின் கடைசியில் பல்கேரியாவில் இருந்து கொண்டுவந்த டால்பின்கள் சில மாதத்திலேயே செத்த கதை நமக்கும் உண்டு.) 2023-இல் அபுதாபியில் திறந்த சீவேர்ல்டில் ஓர்காவே கிடையாது. மறுபக்கம் ஜப்பானின் கோபே நகரத்தில் 2024-இல் ஓர்காக்களோடு புதுப் பூங்கா திறந்தார்கள். சீனாவின் தேவைக்காக ரஷ்யாவில் பிடித்து வைத்திருந்த பத்து ஓர்காக்களும் எண்பதுக்கும் மேற்பட்ட பெலூகாக்களும் 2019-இல்தான் கடலுக்குத் திரும்பின.

அவற்றை விட்டது போல எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டியதுதானே என்றால், அங்கேதான் சிக்கல். ரஷ்யாவில் இருந்தவை பிடிபட்டு ஏறத்தாழ ஒரு வருடமே ஆனவை. "ஃப்ரீ வில்லி" படத்தில் நடித்த கெய்கோவைக் கடலுக்குத் திருப்ப இரண்டு கோடி டாலருக்கும் மேல் செலவானது. 2002-இல் ஐஸ்லாந்தில் இருந்து தானாகவே நார்வே வரை நீந்திப் போனது. ஆனால் அங்கேயும் மனிதர்களைத் தேடி வந்தது, எந்தக் கூட்டத்தோடும் சேரவில்லை. 2003 டிசம்பரில் நிமோனியாவில் செத்தது. தொட்டியிலேயே பிறந்தவை வேட்டையாடக் கற்றதே இல்லை. லோலிடாவைச் சொந்தக் கடலுக்கு அனுப்பப் போவதாக 2023 மார்ச்சில் அறிவித்தார்கள். ஆகஸ்டில் இறந்தது. சாம்பலைத்தான் லம்மி பழங்குடி மக்கள் கொண்டுபோய் அந்தக் கடலில் கரைத்தார்கள்.

பிரான்சில் அண்டீப் நகரத்துப் பூங்கா 2025 ஜனவரி 5 அன்று மூடப்பட்டது. விக்கி என்ற தாயும் கெய்ஜோ என்ற மகனும் காலித் திடலுக்கு நடுவே தொட்டியிலேயே இருந்தன. ஜப்பானுக்கு அனுப்ப அரசு சம்மதிக்கவில்லை, ஸ்பெயினும் சரிவரவில்லை. கனடாவில் நயாகரா பக்கத்தில் இருக்கும் மரைன்லேண்ட் கூட்டத்தை உள்ளே விடுவதை நிறுத்திய பிறகு 30 பெலூகாக்கள் மிஞ்சின. சீனாவுக்கு விற்கக் கேட்டது. 2025 அக்டோபர் 1 அன்று அமைச்சர் மறுத்தார். அடுத்த சில நாளில் கம்பெனி அரசுக்குக் கடிதம் எழுதியது: தீனிக்குப் பணம் இல்லை, அரசு கொடுக்காவிட்டால் முப்பதையும் கருணைக்கொலை செய்ய வேண்டியிருக்கும் என்று. அரசு பணம் தர முடியாது என்றது.